நீல வாளியும் ஏழு பங்குக் கிணறும்

கணக்காய்வு உத்தியோகம் என்பது, போகிற கந்தோரிலெல்லாம் மரியாதையாய்க் கதிரை தந்துவிட்டு, நாங்கள் எப்போது எழும்பிப் போவோம் என்று மணிக்கூட்டைப் பார்க்கிற சனத்துக்கு நடுவில் இருந்து பிழைக்கிற பிழைப்பு.

நீங்களும் எங்கேயாவது ஒரு கந்தோரில் பைல் புரட்டி, முதுகு நொந்து, "உவ ஏன் இன்னும் வெளிக்கிடேல்லை" என்று பின்னால் குசுகுசுக்கிறதைக் கேட்டவர் என்றால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அபிவிருத்தி நிதி என்று கொழும்பிலிருந்து வருகிற பொதுக்காசு உண்மையாகவே றோட்டாய், மதகாய், கிணறாய் மாறினதா என்று போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. இருபத்தாறு வருடமாய்ப் பார்க்கிறேன். பாதி மதகைப் பார்த்திருக்கிறேன், பைலில் மட்டும் ஓடுகிற றோட்டைப் பார்த்திருக்கிறேன். ஆச்சரியப்படுகிற பழக்கம் என்னை விட்டு எப்போதோ போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு தோட்டக் கிணறு என்னை வாய் பிளக்க வைத்துவிட்டது. அந்தக் கதையைத் துண்டு துண்டாய்ச் சொல்கிறேன், கேளுங்கோ.

ஆடை கட்டின தேத்தண்ணீர்

கணக்காய்வுக்குப் போகிற இடத்தில் நான் தேத்தண்ணீர் குடிக்க மாட்டேன். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடக்கிறதோ தெரியாது, ஆனால் ஒருத்தரின் பால்தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அவரிடமே "உந்தக் காசு எங்கை போனது?" என்று கேட்க எனக்கு நாக்கு எழாது. வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுபோவேன். என்னோடு வருகிற நவரத்தினம் அண்ணையும் அப்படித்தான். அவருக்கு உத்தியோகத்திலிருந்து இளைப்பாற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அளவு ரேப் ஒன்று அவரின் சேட்டுப் பையில் எப்போதும் கிடக்கும்.

அன்றைக்கு நாங்கள் போன கந்தோரிலும் தேத்தண்ணீர் வந்தது, மேசையில் கிடந்து ஆடை கட்டினது. தோட்டக் கிணறு திருத்துகிற திட்டத்தின் பைலைக் கொண்டுவந்து வைத்தவள் சுகந்தி. அந்தக் கந்தோரின் அபிவிருத்தி உத்தியோகத்தர். பருத்தித்துறைப் பிள்ளை, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள், வீட்டில் இரண்டு சின்னஞ்சிறிசுகள். பைல் என்றால் பைல், அப்படி ஒரு பைல். ஒவ்வொரு பயனாளிக்கும் படிவம், காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி, பற்றுச்சீட்டு, வேலை முடிந்த படம், அடியில் அவளின் வட்டமான கையெழுத்து. இவ்வளவு வடிவான பைலைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். "உதெல்லாம் கந்தோரிலை இருந்து எழுதினதோ, இல்லாட்டி நீர் நேரை போய்ப் பாத்தனீரோ?" என்று கொஞ்சம் சுள்ளென்றே கேட்டேன். அவளுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஒரு கிணறும் விடேல்லை மிஸ். வெயிலுக்கை சைக்கிள் மிரிச்சுப் போய், ஒவ்வொண்டையும் எட்டிக் குனிஞ்சு பாத்துத்தான் கையெழுத்து வைச்சனான்."

மஞ்சள் வயர்

மத்தியானம் சோற்றுப் பார்சலை முடித்த கையோடு படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். கிணற்றுப் படத்தில் என்ன இருக்கிறது, சீமெந்துக் கட்டு இருக்கும், பக்கத்தில் சொந்தக்காரர் விறைத்துக்கொண்டு நிற்பார். முப்பது படம் தாண்டினால் நித்திரை தூங்கும். அப்படித் தூங்கி விழப் பார்த்த நேரத்தில்தான் ஒரு நீல வாளி கண்ணில் பட்டது. கப்பிக் கம்பத்தில் தொங்குகிற பிளாஸ்ரிக் வாளி. பிடி உடைந்துபோய், அந்த இடத்தில் மஞ்சள் வயரை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். இதை இப்போதுதானே கண்டேன் என்று இரண்டு படம் பின்னுக்குப் புரட்டினேன். அங்கேயும் அதே வாளி. இன்னும் புரட்டினேன். ஒன்றில் வாளி இடப்பக்கம், ஒன்றில் வலப்பக்கம், ஒன்றில் ஆளின் தலைக்குப் பின்னால். ஆறு பேர், ஆறு கிணறு, ஒரே மஞ்சள் வயர்!

உள்ளதைச் சொன்னால் எனக்குச் சந்தோசம் பொங்கினது. பிழை ஒன்று கையில் அகப்படுகிற நேரம் எங்களுக்கு வருகிற அந்தக் கெட்ட சந்தோசம் உங்களுக்கும் தெரியும்தானே. நவரத்தினம் அண்ணை ஆறு படத்தையும் மேசையில் பரப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தங்கச்சி, உது ஒரு கிணறு" என்றார். சுகந்தியைக் கூப்பிட்டேன். ஒரு கிணற்றுக்கு ஆறு பேரின் பேரில் காசு போயிருக்கிறது, ஆறுக்கும் கையெழுத்து உம்முடையது, இதற்கு ஐயவினா எழுதப்போகிறேன் என்றேன். எங்கள் கேள்விக் கடிதத்துக்கு அதுதான் பேர். சரியான மறுமொழி வராவிட்டால், வீணாய்ப் போன பொதுக்காசைக் கையெழுத்து வைத்தவரிடம் பிடிப்பார்கள். பதவி உயர்வும் நின்றுபோகும்.

அவள் ஒவ்வொரு படமாய் எடுத்துப் பார்த்தாள். வாளியைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது. களவு பிடிபட்டவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அவள் திரும்பவும் திரும்பவும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது கொஞ்சம் இடறினது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப மிச்ச அஞ்சு கிணத்துக் காசையும் என்ரை சம்பளத்திலையோ மிஸ் வெட்டுவினம்?"

ஆறு ஒழுங்கை

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. சுகந்தியையும் கூட்டிக்கொண்டு மருதனார்மடம் சந்தியால் திரும்பி, சந்தை நெரிசலைக் கடந்து, உள்ளுக்கு இரண்டு கட்டை தூரம் போனோம். இரண்டு பக்கமும் சிவப்பு மண், வெங்காயம், பீற்றூட். பயனாளிகளில் ஒருவரான பூமணி அக்காவின் ஒழுங்கையால் இறங்கி, வாழைகளுக்கு நடுவால் நடந்து, கிணற்றடிக்கு வந்தோம். நீல வாளி தொங்கிக்கொண்டு நின்றது. எதிரியை நேரே கண்டமாதிரி நான் அதை முறைத்தேன். பூமணி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் வாய்க்கால் தண்ணீரை மாற்றிவிட்டுக்கொண்டு நின்றா. தண்ணீர் இறைக்கிற மிசின் இரைந்துகொண்டிருந்தது.

"மற்ற அஞ்சு கிணறும் எங்கை அக்கா?" என்று கேட்டேன். மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு மிசினை நிற்பாட்டிவிட்டு வந்து விளங்கப்படுத்தினா. அந்தக் கிணற்றைச் சுற்றி ஏழு பேரின் தோட்டம். கிணறு ஏழு பேருக்கும் பங்கு. ஆளுக்குக் கிழமையில் ஒரு நாள் இறைப்பு முறை. செவ்வாய் பூமணி அக்காவுக்கு, புதன் பக்கத்துத் தோட்டக்கார இராசரத்தினம் அண்ணைக்கு, இப்படி ஏழு நாளும் ஏழு பேருக்கு. ஒருத்தரின் காணிக்குள்ளால் மற்றவர் நடக்கக் கூடாது, அதனால் ஏழு பேருக்கும் ஏழு ஒழுங்கை. சுகந்தி பார்வையிட வந்த நேரம் ஒவ்வொருத்தரும் தன் தன் முறை நாளுக்கு வரச் சொல்லி, தன் தன் ஒழுங்கையால் கூட்டிவந்து, தான் கட்டின பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஆறு கிழமையில், ஆறு வேறு நாளில், ஆறு பக்கத்தால் வந்து, இந்தப் பிள்ளை ஒரே கிணற்றை ஆறுதரம் எட்டிக் குனிந்து பார்த்திருக்கிறாள்!

"நான் கடற்கரைப் பிள்ளை மிஸ்" என்றாள் சுகந்தி, அழுகையும் சிரிப்புமாய். "வள்ளம் எண்டால் தூரத்திலை கண்டே ஆரின்ரை எண்டு சொல்லிப்போடுவன். கிணறு எனக்கு எல்லாம் ஒண்டு மாதிரித்தான். நீல வாளி எங்கடை வீட்டிலையும் கிடக்கு."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் "கிணற்றில் ஏழிலொரு பங்கும் வழி வாய்க்கால் பங்கும்" என்று ஆறு உறுதியிலும் எழுதியிருந்தது. பழைய உறுதித் தமிழ் அலுப்படிக்கிறது என்று அந்தப் பக்கங்களை வாசிக்காமல் புரட்டினவள் நான்தான். என் பிழையை மறைக்க பூமணி அக்காவில் பாய்ந்தேன். படிவத்தில் "சொந்தக் கிணறு உண்டா" என்ற கேள்விக்கு ஆறு பேரும் ஓம் போட்டிருக்கிறீங்களே, அது எப்படி என்றேன். மனிசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தா.

"பங்கு கிடக்கு, முறை கிடக்கு, வழி கிடக்கு. பேந்தென்ன மிஸ், கிணறு இல்லையெண்டு பொய் எழுதச் சொல்லுறியளோ?"

ரேப் பிழையோ?

சரி, கிணறு ஒன்று. ஆறு பேரின் காசும் அந்த ஒன்றுக்குள் போனதா, இல்லாவிட்டால் வீட்டு மதிலுக்குப் போனதா? அதைப் பார்க்கக் கிணற்றுக்கட்டைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் வடிவாய்க் கவனித்தேன். கட்டு ஒரே நிறத்தில் இல்லை. ஒரு துண்டு கறுப்புச் சீமெந்து, அடுத்தது மினுங்கப் பூசினது, அடுத்தது வெள்ளை அடித்தது, பூமணி அக்காவின் துண்டு கிளிப்பச்சை. ஆறு பேரும் ஆறு மேசனைப் பிடித்து, அவரவர் காசில் அவரவர் பங்குக் கட்டை மட்டும் கட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் ஆணியால் கீறினமாதிரி நேர்க்கோடு.

நவரத்தினம் அண்ணை ரேப்பை எடுத்தார். கிணற்றின் சுற்றளவை எடுத்து ஏழால் பிரித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். முதல் துண்டை அளந்தார், சரி. இரண்டாவது, சரி. ஆறாவதையும் அளந்தார், அதுவும் சரி. ஒரு விரற்கடைகூடப் பிசகில்லை. அடியில் கல் உடைத்து ஆழமாக்கினது, சேறு அள்ளினது எல்லாம் பொதுவேலை. அந்தக் கூலியை ஆறாய்ப் பிரித்து ஆறு பற்றுச்சீட்டு. மிச்சத்தில் அவரவர் வாய்க்கால் பூசினது, அதற்கும் சீட்டு. பூமணி அக்காவின் பற்றுச்சீட்டுக் கட்டில் கடைசிச் சீட்டு ஒன்று கிடந்தது, "மஞ்சள் வயர், இரண்டு யார்" என்று. அளவுப் புத்தகமும் கட்டடமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாத எத்தனையோ இடத்துக்குப் போன எங்களுக்கு, தோட்டக்காரர் ஆறு பேர் கட்டின அந்த வட்டத்தைப் பார்க்கக் கண் கூசினது. அண்ணை ரேப்பைச் சுருட்டவும் மறந்து நின்றார்.

"தங்கச்சி, நான் உத்தியோகத்துக்கு வந்த நாள் தொடக்கம் உப்பிடி ஒரு அளவு காணேல்லை. ரேப் பிழையோ எண்டு ரெண்டுதரம் பாத்திட்டன்."

இராசரத்தினம் அண்ணையின் கோபம்

ஆனால் ஏழாவது துண்டு கட்டப்படவில்லை. ஆறு புதுத் துண்டுக்கும் நடுவில் ஏழில் ஒரு பங்கு வெறும் இடிந்த கல்லாய், பல்லுப் போன இடம்போலக் கிடந்தது. ஆராவது தவறி விழாமல் இருக்கப் பனைமட்டையை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். அது தேவன் என்றவரின் பங்காம். யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்த காலத்தில் வெளிக்கிட்டுப் போய், கனடாவில் பஸ் ஓட்டுகிறாராம். "அப்ப அவரின்ரை முறையை ஆர் இறைக்கிறது?" என்று கேட்டேன். ஒருத்தரும் இல்லை என்றா பூமணி அக்கா. தேவனின் முறை வியாழக்கிழமை. அவர் போன நாளிலிருந்து வியாழக்கிழமையில் அந்தக் கிணற்றில் மிசின் இரைந்ததில்லை. கோடையில் வெங்காயம் வாடினாலும், பக்கத்தில் தண்ணீர் தளம்பிக்கொண்டு கிடந்தாலும், வியாழன் என்றால் ஆறு தோட்டமும் காயும்.

இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்த கதையையும் அவதான் சொன்னா. வீட்டுக்குக் கூரை இல்லை, வேலி இல்லை, கிணற்றுக்குள் மரமும் மண்ணும். எல்லோரும் சேர்ந்து தூர் எடுத்து, முதல் ஊற்றுக் கண்டதும், "இண்டைக்கு என்ன கிழமை?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்களாம். அலைச்சலில் கிழமை மறந்துபோனது. ஓடிப்போய்க் கோயில் ஐயரைக் கேட்டு, செவ்வாய் என்று தெரிந்த பிறகுதான் முதல் வாளியைப் பூமணி அக்காவின் கையில் கொடுத்தார்களாம். நான் பேனையை மூடிவிட்டேன்.

அப்போது புதன்கிழமைக்காரர் இராசரத்தினம் அண்ணை தன் ஒழுங்கையால் வந்தார். அறுபது தாண்டின, இறுகின மனிசன். அவரின் காணியும் தேவனின் காணியும் ஒரே வேலி. அந்த வேலிச் சண்டையில் இரண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லாமல் போய், தேவன் விமானம் ஏறின அன்றைக்கும் இவர் வழியனுப்பப் போகவில்லையாம். அப்படிப்பட்டவர் தன் வெங்காயம் வாடுகிற நேரமும் அந்த ஆளின் தண்ணீரில் கை வைக்காமல் இருக்கிறாரே! கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். என்னை ஒரு விசரியைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார்.

"கோவம் வேறை மிஸ், முறை வேறை."

ஏழில் ஆறு

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். கிணறு ஒன்று, பங்குக்காரர் ஏழு, காசு எடுத்த ஆறு பேரும் தங்கள் பங்கை முழுதாய்ச் செய்திருக்கிறார்கள், ஒரு சதமும் வீண்போகவில்லை. திட்டத்தின் சுற்றறிக்கையை வரிக்கு வரி வாசித்தேன். "ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை" என்றுதான் இருந்தது, பங்குக் கிணற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதினவர்கள் பங்குக் கிணறு கண்டிருக்க மாட்டார்கள். சுகந்தி தப்பினாள் என்று நானே மனத்துக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிசன், ஆனால் விதி என்றால் விதி. அறிக்கையைப் படித்துவிட்டு, "ஆறு குடும்பம், ஆறு உறுதி, ஐயவினாவிலை அந்தப் பகுதி தீர்ந்தது" என்றார். நான் கதிரையில் சாய்ந்தேன். சாய்ந்திருக்கக் கூடாது.

அவர் சுற்றறிக்கையின் கடைசி வரியில் விரலை வைத்தார். "வேலை முழுமையாக முடிவுற்றிருத்தல் வேண்டும்." கிணற்றுக்கட்டில் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறது என்றால் கிணறு முடியவில்லை. கிணறு முடியவில்லை என்றால் ஆறு பேரின் வேலையும் முடியவில்லை. முடியாத வேலைக்கு முடிந்தது என்று கையெழுத்து வைத்தவள் சுகந்தி. அப்படியென்றால் ஐந்து போய் ஆறு கிணற்றின் காசும் அவளின் தலையில். சுகந்தியைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அடுத்த நாளே தோட்டத்துக்கு ஓடிப்போய், அந்த ஏழாவது துண்டையும் ஆராவது கட்டிவிடுங்கோ, சீமெந்துக்கு நான் தாறன் என்று கெஞ்சியிருக்கிறாள். ஆறு பேருக்கும் அவளில் நல்ல இரக்கம். ஆனால் ஒருத்தரும் அசையவில்லை. தேவன் சொல்லாமல் தேவனின் பங்கில் ஒரு கல்லை வைக்கவும் மாட்டார்களாம். முப்பது வருடமாய் அவரின் தண்ணீரைத் தொடாதவர்கள் கட்டை மட்டும் தொடுவார்களா?

நான் திரும்பவும் மேலதிகாரியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, ஏழாவது பங்குக்காரரின் சம்மதம் எழுத்தில் கிடைத்து, கட்டு முழுமையானால் பார்ப்போம், நீங்களே கிணற்றடியில் நின்று போனிலாவது அந்த ஆளின் வாயால் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கோ என்றார். கதவடியில் நின்ற என்னைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன் மிஸ். ஆனால் ஏழிலை ஆறு கிணறு எண்டு ஒரு கிணறு எந்தப் படிவத்திலையும் கிடையாது."

பின்னேரம் ஐந்து மணி

தேவனின் நம்பர் பூமணி அக்காவிடம் இருந்தது, வருடப் பிறப்புக்கு அவர் போன் எடுப்பாராம். கனடாவில் விடிய, எங்களுக்குப் பின்னேரம் ஐந்து மணி. சுகந்தி தன் போனில் வீடியோ அழைப்பு எடுத்தாள். ஆறு பேரும் கிணற்றடியில். இராசரத்தினம் அண்ணை மட்டும் தள்ளிப்போய், வெங்காயப் பாத்தியில் ஏதோ புல் பிடுங்கிறமாதிரிக் குனிந்துகொண்டு நின்றார். பிடுங்க அங்கே ஒரு புல்லும் இல்லை.

தடித்த குளிர்ச்சட்டையும் தொப்பியுமாய் ஒரு நரைத்த மனிசன் திரையில் வந்தார். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். சுகந்தி விசயத்தைச் சொல்லி, போனைப் பிடித்துக்கொண்டு கட்டைச் சுற்றி நடந்தாள். "உது ஆரின்ரை? ஓ, பச்சை பூமணியின்ரையோ! உவளுக்கு எப்பவும் பச்சைதான்" என்று அவர் சிரித்துக்கொண்டு வந்தார். பனைமட்டை கட்டின இடம் வந்தது. சிரிப்பு நின்றது. போன் நின்றுபோய்விட்டதோ என்று சுகந்தி திரையைத் தட்டிப் பார்த்தாள். சம்மதமா இல்லையா என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அதற்கு முதல் அவர் கேட்டார், "அப்ப… வியாழக்கிழமையிலை ஆர் இறைக்கினம்?"

ஐந்து பேரும் வெங்காயப் பாத்தியைப் பார்த்தார்கள். இராசரத்தினம் அண்ணை நிமிர்ந்தார். கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, வரம்பு வழியே மெல்ல நடந்து வந்து, சுகந்தியின் கையிலிருந்து போனை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்தார். அவருக்குப் போனை எட்டப் பிடிக்கத் தெரியவில்லை, அங்கே அவரின் மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"எட விசரா, உன்ரை முறையை ஆரடா இறைக்கிறது? நீ வருமட்டும் அது கிடக்கும்."

குடிக்கத் தந்த தண்ணீர்

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் கதைத்ததை நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதக் கண் தெரியவும் இல்லை. சுகந்தி ஒரு பக்கம் விக்கி விக்கி அழுகிறாள், நவரத்தினம் அண்ணை ரேப்பை இழுத்து இழுத்து விடுகிறார். தேவன் சம்மதத்தை எழுதிக் கையெழுத்து வைத்து அடுத்த நாளே அனுப்பினார். செலவு தன்னுடையது என்றும், வேலையை இராசரத்தினம் நின்று பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். வியாழக்கிழமையை ஆருக்கும் கொடுக்க வேண்டாம், ஒரு நாளைக்கு வந்து இறைப்பேன் என்றும் கடைசியில் ஒரு வரி. அரசாங்கப் பைலுக்குள் அந்த வரி தேவையில்லைதான். ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் முழுதாய்த்தான் பைலில் கட்டினேன்.

கட்டு முடிந்தது என்று கேள்விப்பட்டு நாங்கள் போன நாள் தற்செயலாய் ஒரு வியாழக்கிழமை. மிசின் சத்தம் இல்லை. ஏழாவது துண்டு பக்கத்துத் துண்டைவிடக் கவனமாய் மினுக்கிப் பூசியிருந்தது. நவரத்தினம் அண்ணை அளந்தார். அளவைச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். "வேலை முழுமையாக முடிவுற்றது" என்று எழுதி நான் கையெழுத்து வைத்து, ஐயவினா தீர்ந்தது என்று சுகந்தியிடம் சொன்னேன். அவள் கிணற்றுக்கட்டில் குந்திவிட்டாள். ஒரு சதமும் அவளின் சம்பளத்தில் வெட்டவில்லை. எவ்வளவு நல்ல வேலை செய்கிற பிள்ளை, ஒரு வாளியை வைத்து நான் அவளைத் தின்னப் பார்த்தேன்.

வெயில் கொளுத்தினது. என் சுடுதண்ணீர்ப் போத்தலை ஸ்கூட்டியோடு றோட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பூமணி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அந்த நீல வாளியைக் கிணற்றுக்குள் விட்டு அள்ளி என்முன் நீட்டினா. மஞ்சள் வயரில் தண்ணீர் சொட்டினது. நான் பின்வாங்கினேன். கணக்காய்வுக்கு வந்த இடம், அதோடு வியாழக்கிழமை. "வேண்டாமக்கா, இண்டைக்குத் தேவன்ரை முறையெல்லோ" என்றேன். மனிசி விழுந்து விழுந்து சிரித்தா.

"இறைக்கத்தான் மிஸ் முறை, குடிக்கிறதுக்கு முறை இல்லை. அது ஆருக்கும் எண்டுதானே அந்த வாளி எந்த நாளும் அதிலை தொங்குது."

இருபத்தாறு வருடச் சேவையில், கணக்காய்வுக்குப் போன இடத்தில் நான் வாங்கிக் குடித்தது அந்த ஒரு வாளித் தண்ணீர்தான், அதற்கும் பற்றுச்சீட்டு இல்லாதபடியால் நானே எனக்கு ஒரு ஐயவினா எழுத வேண்டிக் கிடக்கிறது.